இரண்டாவது பேரேடு

அரசுக் கணக்கோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஒரு நாடு பத்து, இருபது ஆண்டுகள் தேங்கிக் கிடந்தாலும் அதன் ஆண்டுக் கணக்கில் அது தெரிவதில்லை. ரொக்கக் கணக்கு கஜானாவுக்கு வந்த பணத்தையும் கஜானாவிலிருந்து போன பணத்தையும் மட்டும் சொல்லும். போன பணத்தில் எழுந்த பாலம் இன்று எந்த நிலையில் நிற்கிறது, முப்பது ஆண்டு கழித்துத் தரவேண்டிய ஓய்வூதியம் எவ்வளவு, பொது நிறுவனம் ஒன்றின் கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் எந்த நாளில் அரசின் கழுத்துக்கே வரும் என்ற கேள்விகளுக்கு அதில் பத்தியே கிடையாது. ஒதுக்கிய மானியத்தை மிச்சம் வைக்காமல் செலவழித்த துறைக்கு நல்ல பெயர். நிதியாண்டு முடியும் வாரத்தில் வேகவேகமாகப் பில் போட்டு முடித்த அதிகாரி திறமைசாலி. தலைப்பு மாறவில்லை, ஒதுக்கீடு மீறவில்லை, ரசீது எல்லாம் இருக்கிறது என்றால் தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்தக் கணக்குக்கு உரிய அரசு உள்ளுக்குள் நொடித்துப்போயிருந்தாலும் அந்தக் கையெழுத்தில் பிழை இருக்காது.

நீண்ட பொருளாதாரத் தேக்கத்துக்குப் பிறகு ஒரு நாட்டின் ஆட்சிமுறையை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்ற கேள்விக்கு என் கணக்காளர் தொழில் எனக்குத் தந்த பதில் ஒன்று உண்டு. அரசு தன்னிடம் இரண்டு பேரேடுகள் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது பணத்தின் பேரேடு. எதைச் செலவழித்தோம், எதற்குக் கடன்பட்டோம், எது தேய்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது. இரண்டாவது திறனின் பேரேடு. எந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள், எந்தக் கண்காணிப்பு நடக்கிறது, எது நின்றுபோயிற்று, அதற்கு யார் பதில் சொல்வார் என்பதை அதே கறாரோடு சொல்வது. முதலாவது இல்லாமல் சீர்திருத்தம் தொடங்காது. இரண்டாவது இல்லாவிட்டால் அது ஆளைக் கொல்லும். இந்தச் சொல்லைக் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் பேரேட்டை உலகிலேயே முதன்முதலாக முழுமையாக எழுதிக்காட்டிய நியூசிலாந்தின் கதை இதற்குச் சாட்சி. முதலாவதை அவ்வளவு நன்றாக எழுதியதாலேயே, இரண்டாவதை எழுதாமல் விட்டது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

அந்த நாட்டின் தேக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. கம்பளியும் இறைச்சியும் வெண்ணெயும் பிரிட்டனுக்கு அனுப்பிய வருமானத்தில் 1950களில் உலகின் வசதியான நாடுகளின் வரிசையில் நின்ற தேசம் அது. 1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அதே ஆண்டு இறுதியில் எண்ணெய் விலை எகிறியது. நிரந்தரம் என்று நம்பிய வாடிக்கையாளர் விலகிப்போக, வாங்கும் பொருளின் விலை ஏற, நாடு தன் செலவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1975 முதல் 1984 வரை ராபர்ட் மல்டூன் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் ஒருசேர இருந்தார். விவசாயிகளுக்குக் குறைந்தபட்ச விலை உறுதி, மோட்டுநுயியில் இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் செய்யும் ஆலை, கிளைட் அணை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கம் என்று பெருந்திட்டங்கள் வந்தன. 1982இல் ஊதியத்தையும் விலையையும் உயராமல் கட்டிவைக்கும் ஆணை வந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒரு காரணம் சொல்லக்கூடியதுதான். கோளாறு, இவற்றின் மொத்தச் சுமையை ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழி அரசிடம் இல்லாததில் இருந்தது. செலவை முன்மொழிபவரும் அதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். நாடாளுமன்றத்துக்கு மேலவையும் கிடையாது. அது 1950களின் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டிருந்தது.

1984 ஜூலையில் திடீர்த் தேர்தல் நடந்தபோது இந்தக் கோளாறு வெளியே வந்தது. நாணய மதிப்பு குறைக்கப்படும் என்று சந்தை எதிர்பார்த்தது. நியூசிலாந்து டாலரை விற்று வெளியேற எல்லோரும் முண்டியடித்தார்கள், அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. தேர்தலில் தோற்ற மல்டூன், வெற்றி பெற்றவர்கள் கேட்டும் நாணய மதிப்பைக் குறைக்க முதலில் மறுத்தார். புதிய அரசு இன்னும் பதவி ஏற்கவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பது எழுத்தில் தெளிவாக இல்லை. செலாவணிச் சந்தையை மூட வேண்டியதாயிற்று. கடைசியில் அவர் இறங்கிவர, நாணயம் 20 சதவீதம் குறைக்கப்பட்டது. 1986இன் அரசமைப்புச் சட்டம் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. பொருளாதாரச் சரிவு என்று நாம் சொல்வதன் அடியில், யார் யாரிடம் ‘முடியாது’ என்று சொல்லலாம் என்ற ஆட்சிமுறைக் கேள்வி இருப்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

டேவிட் லாங்கி தலைமையில் வந்த தொழிற்கட்சி அரசில் ரோஜர் டக்ளஸ் நிதியமைச்சரானார். 1985 மார்ச்சில் நாணயத்தின் மதிப்பு சந்தையிடம் விடப்பட்டது. விவசாய மானியங்கள் நீக்கப்பட்டன. 1986 அக்டோபரில் பொருள் சேவை வரி 10 சதவீதத்தில் தொடங்கியது. இவை பேசப்பட்ட அளவுக்கு, அதே வேளையில் அரசின் உள்ளே நடந்த மராமத்து பேசப்படவில்லை. ஒரே துறை முரண்பட்ட பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. வனத்துறை மரம் வளர்த்தது, வெட்டி விற்றது, காட்டைக் காத்தது, கிராமப்புற வேலையில்லாதவர்களுக்கு வேலையும் கொடுத்தது. அஞ்சல் துறை கடிதம், தொலைபேசி, சேமிப்பு வங்கி மூன்றையும் ஒரே கணக்கில் நடத்தியது. நட்டம் வந்தால் அது வியாபாரத்தில் வந்ததா, சமூகக் கடமையில் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. 1986இன் அரசு நிறுவனங்கள் சட்டம் வியாபார வேலைகளைத் தனி நிறுவனங்களாக்கியது. 1987 ஏப்ரல் முதல் நாள் வனத்துறை இல்லாமல் போனது. மரம் விற்பது ஒரு நிறுவனத்துக்கும், காட்டைக் காப்பது புதிதாகப் பிறந்த இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கும் போயின. அஞ்சல் துறை மூன்றாகப் பிரிந்தது. அரசுக்கு மக்கள்நலக் கடமை இருந்தால் அதற்குரிய தொகையை வெளிப்படையாகக் கொடுத்து அந்த நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் காலங்காலமாகக் கேட்டு வந்தது இதுதான். இலவசமாகக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் விலையை ஒரு வரியில் எழுதுங்கள்.

அடுத்த இரண்டு சட்டங்கள் அலுவலகத்தின் அடிவரை போயின. 1988இன் அரசுத்துறைச் சட்டம், ஓய்வு பெறும் வரை நாற்காலியில் இருந்த துறைச் செயலாளர்களை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வரும் தலைமை நிர்வாகிகளாக மாற்றியது. ஆட்களை நியமிக்கும், சம்பளம் பேசும் அதிகாரம் அவர்கள் கைக்கு வந்தது. 1989இன் பொது நிதிச் சட்டம் அமைச்சரையும் துறையையும் வாங்குபவர், விற்பவர் நிலையில் நிறுத்தியது. சம்பளம், பயணப்படி, எழுதுபொருள், வாடகை என்று உள்ளீடுகளுக்குப் பணம் ஒதுக்கும் பழக்கம் போய், இத்தனை ஆய்வுகள், இத்தனை தீர்ப்பாயப் பணிகள், இந்தத் தரத்தில் இந்தக் கொள்கை ஆலோசனைகள் என்று வெளியீடுகளுக்குப் பணம் ஒதுக்கும் முறை வந்தது. எதை வாங்குவது என்பதற்கு அமைச்சர் பொறுப்பு, அதைக் கொடுப்பதற்குத் தலைமை நிர்வாகி பொறுப்பு. துறை வைத்திருக்கும் நிலம், கட்டடத்தின் மதிப்புக்கு ஏற்ப மூலதனக் கட்டணமும் விதிக்கப்பட்டது. சும்மா கிடக்கும் கட்டடத்துக்கும் செலவு உண்டு என்று அரசு அலுவலகம் ஒன்று உணர்ந்தது அப்போதுதான்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் அக்ரூவல் கணக்கு. பணம் கைமாறும் நாளில் பதியாமல், கடமை பிறக்கும் நாளிலேயே பதியும் முறை அது. ஒரு ஊழியர் இன்று வேலை செய்தால் அவருக்கு என்றோ தரவேண்டிய ஓய்வூதியத்தின் ஒரு பங்கு இன்றைய செலவாகும். ஒரு சாலை இந்த ஆண்டு தேய்ந்தால், செப்பனிடப் பணம் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் அந்தத் தேய்மானம் கணக்கில் ஏறும். செப்பனிடுவதைத் தள்ளிப்போட்டு உபரி காட்டும் தந்திரம் அங்கே செல்லாது. 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்து முழு அரசுக்கும் இப்படி இருப்புநிலைக் குறிப்பு வெளியிட்டபோது, அரசின் சொத்தைவிட அதன் பொறுப்புகள் அதிகம் என்று தெரிந்தது. ஒரு தேசம் தன் நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதைத் தானே அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தது. 1994இன் நிதிப் பொறுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் முன்னால் நிதித்துறை அதிகாரிகள் நாட்டின் நிதிநிலையைத் தங்கள் கையொப்பத்தோடு வெளியிட வேண்டும். 1990 தேர்தலில் வென்ற தேசியக் கட்சி, உபரி என்று சொல்லப்பட்ட இடத்தில் பெரும் பற்றாக்குறையும், காப்பாற்றியாக வேண்டிய நிலையில் நியூசிலாந்து வங்கியும் இருப்பதைப் பதவிக்கு வந்த பிறகுதான் அறிந்தது. அந்த வகை அதிர்ச்சி மறுபடி வராமல் இந்தச் சட்டம் கதவை அடைத்தது. உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியாக இருந்த அரசின் நிகரக் கடன் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2008 வாக்கில் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். அதில் நியாயம் உண்டு. கடன் குறைந்தது பேரேட்டாலா, மக்கள் பட்ட பாட்டாலா என்று கேட்பார்கள். வேலையின்மை 1990களின் தொடக்கத்தில் 10 சதவீதத்தைத் தாண்டியது. பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1988 பிப்ரவரியில் நானூறுக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. வனத்துறையை நம்பியே இருந்த மிங்கினுயி, கைங்கரோவா போன்ற ஊர்கள் ஒரே ஆண்டில் பிழைப்பை இழந்தன. 1991இல் ரூத் ரிச்சர்ட்சன் நிதியமைச்சராக இருந்தபோது உதவித்தொகைகள் வெட்டப்பட்டன. இவற்றைப் பேரேட்டின் தலையில் கட்டுவதும் தவறு, பேரேட்டின் பெயரால் நியாயப்படுத்துவதும் தவறு. ஒரு வேலைக்கு என்ன செலவாகிறது என்பதைக் கணக்கு சொல்லும். அந்தச் செலவை யார் தோளில் ஏற்றுவது என்பதை அது சொல்லாது. அது அரசியல் முடிவு, அதை எடுத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவும் 1983 முதல் நாணயத்தைச் சந்தையிடம் விட்டது, சுங்கச் சுவரைத் தாழ்த்தியது. அங்கே ஹாக், கீட்டிங் அரசுகள் தொழிற்சங்கங்களோடு ஊதிய உடன்பாடு செய்துகொண்டு, படிப்படியாக நகர்ந்தன. அதே நோக்கத்தை வேறு வேகத்தில், வேறு பங்கீட்டில் அடையலாம் என்பதற்கு அது கண்ணெதிரே இருந்த சான்று. நியூசிலாந்தின் வேகம் தலையெழுத்தாக வந்ததல்ல, தேர்ந்துகொண்டது.

அந்தத் தேர்வுக்கு மக்கள் கொடுத்த பதில்தான், என் பார்வையில், சீர்திருத்தத்தின் ஒரு பெரும் பகுதி. அடுத்தடுத்து வந்த இரண்டு கட்சி அரசுகளும் தேர்தலில் சொல்லாததைச் செய்தன. அப்படிச் செய்ய முடிந்தது, ஒற்றை அவையில் தனிப்பெரும்பான்மை கிடைத்துவிட்டால் தடுக்க யாருமில்லை என்பதால். 1986இல் ராயல் கமிஷன் ஒன்று விகிதாசார முறையைப் பரிந்துரைத்திருந்தது. 1993இல் மக்கள் பொதுவாக்கெடுப்பில் அதைத் தேர்ந்தார்கள். 1996 முதல் கூட்டணி இல்லாமல் ஆட்சி நடத்துவது அரிதாயிற்று. நீதிமன்றமும் ஒரு தடை வைத்தது. அரசு நிலத்தை நிறுவனங்களுக்கு மாற்றப்போனபோது மாவோரி மன்றம் வழக்குத் தொடர்ந்தது. மாவோரிகளோடு பிரிட்டிஷ் முடியரசு செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளுக்கு முரணாக அரசு நடக்கக் கூடாது என்ற சட்டப்பிரிவைக் காட்டி, 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவோரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. தடையற்ற அதிகாரம் இருந்ததால்தான் சீர்திருத்தம் சாத்தியமாயிற்று, கூட்டணியும் வழக்கும் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது என்பார்கள் சிலர். ஆனால் நிதிப் பொறுப்புச் சட்டத்தின் விதிகளும் அக்ரூவல் கணக்கும் கூட்டணி ஆட்சிகள் வந்த பிறகும் நிலைத்தன. எல்லாக் கட்சிகளுக்கும் எதிராளியின் கணக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற தேவை இருந்ததால் அவை நிலைத்தன. வேகமாக விற்கப்பட்ட ரயில்வேயின் கதை வேறாயிற்று. 1993இல் சுமார் 33 கோடி நியூசிலாந்து டாலருக்குத் தனியாருக்குப் போன அது, பராமரிப்பு சீர்கெட்டு, 2004இல் தண்டவாளம் ஒரு டாலருக்கும், 2008இல் ரயில், படகுத் தொழில் சுமார் 69 கோடிக்கும் அரசிடமே திரும்பி வந்தது. சம்மதத்தோடு செய்தது நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இனி இரண்டாவது பேரேட்டுக்கு வருகிறேன். 1995 ஏப்ரல் 28ஆம் தேதி, தென் தீவின் மேற்குக் கரையில் பாப்பரோவா தேசியப் பூங்காவில், கேவ் கிரீக் என்ற இடத்தில் பள்ளத்தைப் பார்ப்பதற்குக் கட்டியிருந்த மேடை, மேலே நின்றவர்களோடு பெயர்ந்து விழுந்தது. 13 மாணவர்களும் இயற்கைப் பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவரும் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தவை ஒவ்வொன்றும் சின்னச் சின்ன விடுபடல்கள். தகுதி பெற்ற பொறியாளர் எவரும் அதை வடிவமைக்கவில்லை. போல்ட் முடுக்க வேண்டிய இடத்தில் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. கட்டட அனுமதி வாங்கவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எச்சரிக்கும் பலகைக்குச் சொல்லியிருந்தும் அது மாட்டப்படவில்லை. இந்தத் துறைதான் 1987இல் மூன்று பழைய அமைப்புகளின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டு, குறைந்த பணத்தோடு, ஓயாத மறுசீரமைப்புகளோடு நடத்தப்பட்ட துறை. விசாரணை ஆணையம் இதைத் தனி மனிதக் குற்றமாகப் பார்க்காமல் அமைப்பின் தோல்வியாகவே கண்டது. அப்போதைய சட்டப்படி அரசின் மீது குற்றவழக்குத் தொடரவும் வழியில்லை. துறை அமைச்சர் அந்தப் பொறுப்பிலிருந்து விலக ஓராண்டுக்கு மேல் ஆனது. அரசு அமைப்புகள் மீதும் குற்ற வழக்குத் தொடரலாம் என்ற சட்டம் வர 2002 ஆயிற்று.

ஒரு கணக்காளராக அந்தத் துறையின் அன்றைய ஆவணங்களை நினைத்துப் பார்த்தால், முறைப்படி எழுதிய ஒப்பந்தமும் இருந்தது, வெளியீட்டு அட்டவணையும் இருந்தது, தணிக்கையும் நடந்தது. மேடைகள் எத்தனை கட்டப்பட்டன என்று கேட்க ஒரு வரி இருந்திருக்கும். மேடை கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்க வரி இல்லை. அடுத்த ஆண்டு, 1996இல், அமெரிக்க நிதி அறிஞர் ஆலன் ஷிக் அரசின் அழைப்பில் சீர்திருத்தங்களை ஆய்ந்து ஒரு அறிக்கை கொடுத்தார். பெரும்பகுதியைப் பாராட்டியவர், ஒரு இடத்தில் விரல் வைத்தார். எழுதிக்கொடுத்த பட்டியலுக்குப் பதில் சொல்வது ஒன்று, பட்டியலில் இல்லாததையும் தன் கடமை என்று பார்ப்பது வேறு. முதலாவதைக் கெட்டிப்படுத்தியதில் இரண்டாவது தளர்கிறது என்பது அவர் கவலை. அரசு தன்னை வாங்குபவராக மட்டுமே பார்த்தது, அமைப்பின் உடைமையாளர் என்ற முறையில் அதன் நீண்டகாலத் திறனைப் பேணும் அக்கறை பின்தங்கியது என்றும் அவர் காட்டினார்.

அந்தக் கவலை வீண்போகவில்லை. 2010 நவம்பர் 19ஆம் தேதி பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 29 பேர் இறந்தார்கள். ராயல் கமிஷன் 2012இல் சொன்னது, சுரங்கத்தை நடத்திய நிறுவனத்தின் குற்றத்தோடு நிற்கவில்லை. அரசின் கண்காணிப்பே கரைந்துபோயிருந்தது. ஒரு காலத்தில் சுரங்கத்துக்கென்று தனி ஆய்வாளர் அமைப்பு இருந்தது. தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த சோதனையாளர்களும் இருந்தார்கள். 1992இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழிலாளர் சோதனையாளர் முறை போனது. 1998இல் சுரங்க ஆய்வு தொழிலாளர் துறைக்குள் கரைந்தது. 2010இல் முழு நாட்டுக்கும் இரண்டே சுரங்க ஆய்வாளர்கள். ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒரு பணியிடம் காலியாகவே இருந்தால், எங்கள் கணக்கில் அது சேமிப்பு. சம்பளத் தலைப்பில் மிச்சம் என்று பச்சை மையில் தெரியும். பாலம் தேய்ந்தால் தேய்மானம் எழுதக் கற்றுக்கொண்ட கணக்கு, அனுபவம் தேய்ந்தால் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. என் தொழிலின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இது.

திறனை எண்ணாக்க முடியாது, அது அகவயமான மதிப்பீடு, தணிக்கைக்கு நிற்காது என்று சக கணக்காளர்கள் மறுப்பார்கள். ஓய்வூதியப் பொறுப்பையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம். எத்தனை பேர் எத்தனை வயது வரை வாழ்வார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று கைவிரித்தோம். இன்று அதற்கு முறை இருக்கிறது. சுரங்கங்களுக்கு எத்தனை ஆய்வாளர், அவர்கள் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், எத்தனை ஆய்வு முன்னறிவிப்பில்லாமல் நடந்தது, எத்தனை குறைபாடு சுட்டப்பட்டும் சரிசெய்யப்படாமல் நிற்கிறது என்பவை எண்ணக்கூடியவையே. காசாக மாற்ற வேண்டியதில்லை. நிதிக் கணக்குக்குப் பக்கத்தில், அதே தேதியில், அதே கையொப்பத்தோடு நாடாளுமன்றத்துக்குப் போனால் போதும். நியூசிலாந்தே பின்னால் இந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2013இல் பணியிடப் பாதுகாப்புக்குத் தனி அமைப்பு வந்தது. 2020இன் பொதுச்சேவைச் சட்டம், துறைத் தலைவர்கள் தங்கள் துறையின் நீண்டகாலத் திறனையும் பேணிக் காக்க வேண்டும் என்பதை எழுத்தில் வலியுறுத்தியது.

பெரிய மறுப்பு இன்னொன்று. சிறிய, படித்த, ஊழல் குறைந்த நாட்டில் நடந்ததை வைத்து மற்றவர்களுக்கு என்ன பாடம் என்பது. ஷிக்கே 1998இல் எழுதிய கட்டுரையில், பெரும்பாலான வளரும் நாடுகள் நியூசிலாந்து முறையை அப்படியே பின்பற்றக் கூடாது என்று எச்சரித்தார். விதிகள் தாளில் ஒன்றாகவும் நடப்பில் வேறாகவும் இருக்கும் இடத்தில், ஒப்பந்தமுறை புதிய மறைப்புக்கே வழி செய்யும் என்பது அவர் வாதம். அதை ஏற்கிறேன். இலங்கையே சான்று. 2003இல் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்து, 2006க்குள் பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு இறக்குவதாக எழுதியது. இலக்கும் கைகூடவில்லை, தவறியதற்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை. பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தின் கடனும் மின்சார சபையின் கடனும் அரச வங்கிகளின் ஏடுகளில் வளர்ந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. இந்தியாவும் அதே 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றியது. ஆனால் உணவு மானியத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகள் இந்திய உணவுக் கழகம் சிறுசேமிப்பு நிதியில் வாங்கிய கடனாக, பட்ஜெட்டுக்கு வெளியே நின்றது. 2021-22 பட்ஜெட்டில்தான் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டு உண்மைத் தொகை உள்ளே வந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையும், மின்வாரியத்தின், போக்குவரத்துக் கழகங்களின் கடனை மாநிலக் கடனோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னது. இவை எனக்குச் சொல்வது ஒன்றுதான். இந்த அரசுகள் இலக்கு எண்ணை எடுத்துக்கொள்ள அவசரப்பட்டன, அதைத் தாங்கும் பேரேட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இலக்கு எண் கடைசியில் வர வேண்டியது. உத்தரவாதங்களையும் பொது நிறுவனக் கடன்களையும் ஒரே தாளில் சேர்த்து எழுத, ஊழல் குறைந்த நாடாக இருக்க வேண்டியதில்லை. ஊழல் குறைய வேண்டுமானால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இவ்வளவு செய்தும் நியூசிலாந்தின் வருமானம் ஆஸ்திரேலியாவை எட்டிப்பிடிக்கவில்லையே என்றும் கேட்கலாம். எட்டவில்லை. ஆட்சிமுறைச் சீர்திருத்தம் வளர்ச்சியை உற்பத்தி செய்யும் இயந்திரம் என்று நான் சொல்லவில்லை. தூரமும் சிறிய சந்தையும் ஏற்றுமதிப் பொருளின் தன்மையும் எந்தப் பேரேட்டாலும் மாறாது. தேங்கிப்போன நாட்டுக்குச் சீர்திருத்தம் தருவது, கெட்ட நாளில் செயல்படும் வலிமை. 2011 பிப்ரவரி 22ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச் நகரம் நிலநடுக்கத்தில் குலைந்தது. 185 பேர் இறந்தார்கள். அந்த நகரத்தை மறுபடி கட்டும் பெருஞ்செலவுக்கு அரசு கடன் வாங்கியது, உலகம் கொடுத்தது. கடன் ஏறியது, பிறகு இறங்கியது. பதினைந்து ஆண்டுகளாகப் பணத்தின் பேரேட்டை உண்மையாக எழுதிக் கடனைக் குறைத்திருந்ததால் அது முடிந்தது. பைக் ரிவர் வெடித்தது அதற்கு மூன்று மாதம் முன்னால். அதே அரசு, அதே கஜானா, அதே கணக்குமுறை. ஒரு நகரத்தையே எடுத்து நிறுத்தப் பணம் வைத்திருந்த அரசிடம், ஒரு சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து ‘வேலையை நிறுத்து’ என்று சொல்லப் போதிய ஆட்கள் இல்லை. அந்த ஆட்களின் சம்பளம் அந்தப் பணத்துக்கு முன்னால் ஒரு துளிகூட இல்லை. அவர்கள் குறைந்துகொண்டே வந்ததை எழுத ஒரு பத்தி இருந்திருந்தால், ஏதோ ஒரு ஆண்டில், ஏதோ ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அதைப் படித்துவிட்டு எழுந்து கேட்டிருப்பார்.